மழை பெய்தால் வெட்டு இல்லை: குறியீட்டுத் தருக்கம் ஓர் அறிமுகம்



போன மாதம் நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வெண்பலகையில் ஒரு வரி எழுதினேன்: "மழை பெய்தால் வெட்டு இல்லை." பின்வரிசையில் இருந்த ஐந்தாம் படிவப் பையன் கையைத் தூக்கினான். "என்னாண்ணே வெட்டு? யார வெட்டறது?" வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் வருத்தமும். அவன் தாத்தாவும் பாட்டியும் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டியவர்கள். அவன் வளர்ந்தது ஈப்போ புந்தோங்கில். பால்மரத்தைக் காரில் போகும்போது பார்த்திருப்பான், அவ்வளவுதான்.

ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வெட்டு என்றால் பால் வெட்டு. விடியுமுன் கிளம்பிப் போய், தன் நிரையில் உள்ள ஒவ்வொரு மரத்திலும் பட்டையைச் சன்னமாகச் சீவிவிட வேண்டும். அந்தச் சாய்ந்த கோட்டின் வழியாகப் பால் வடிந்து மங்கில் சேரும். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் நிற்காமல் மரம் முழுக்கப் பரவி வீணாகும். மங்கிலும் மழைத்தண்ணி கலந்துவிடும். அதனால்தான் விடிகாலை மழைக்கு வெட்டு இல்லை. என் பாட்டி இருட்டிலேயே எழுந்து கதவைத் திறந்து, கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். வெட்டு இல்லையென்றால் அந்த மாதச் சம்பளத்தில் ஒரு பிடி குறையும். எங்கள் லயத்து வீட்டில் அந்த வரி அரிசி பருப்புக் கணக்கு.

அந்த வரியை வைத்துத்தான் இன்று பாடம். நான்காம் படிவக் கணக்குப் புத்தகத்தில் மூன்றாவது பாடமாக 'பெனாஆகுலான் லொஜிக்' படித்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். ஆனால் எஸ்பிஎம்முக்கு மனப்பாடம் செய்து, தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் மறந்தவர்கள்தான் நம்மில் அதிகம். நானும் அந்தக் கூட்டம்தான். முப்பது வயதுக்கு மேல்தான் திரும்ப எடுத்துப் படித்தேன். ஏன் படித்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தருக்கத்தில் நாம் கையாளும் சரக்குக்குக் கூற்று என்று பெயர். மெய்யா பொய்யா என்று சொல்லக்கூடிய வாக்கியமே கூற்று. "இன்று மழை பெய்தது" ஒரு கூற்று. "சாப்பிட்டுப் போடா" கூற்று இல்லை, அதை மெய் என்றோ பொய் என்றோ சொல்ல முடியாது. "முருகா!" என்பதும் கூற்று இல்லை. பிரார்த்தனைக்கு மெய் பொய் பார்க்கிற அட்டவணை கிடையாது.

ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரே ஓர் எழுத்தைப் பெயராக வைப்போம். பாடநூலில் ஆங்கில எழுத்து இருக்கும், நமக்கு நம் எழுத்தே போதும். 'ம' என்றால் இன்று விடிகாலை மழை பெய்தது. 'வெ' என்றால் இன்று வெட்டு உண்டு. இவற்றை இணைக்க நான்கு குறிகள். ¬ என்பது இல்லை. ∧ என்பது 'உம்'. ∨ என்பது அல்லது. → என்பது 'ஆல்', அதாவது மழை பெய்தால் என்பதில் கடைசியில் இருக்கிற அந்த 'ஆல்'. எங்கள் பாட்டியின் வரி இப்போது இவ்வளவுதான்:

ம → ¬வெ

எதற்கு இந்தக் குறி, தமிழிலேயே சொன்னால் என்ன என்று கேட்கலாம். இரண்டு அடி அரிசியையும் மூன்று அடி அரிசியையும் கூட்ட நமக்கு எண் எதற்கோ, அதற்குத்தான் இதுவும். வாக்கியம் நீளமாகும்போது நம் மூளை அதன் அர்த்தத்தில் மயங்கி, வடிவத்தைக் கோட்டை விடுகிறது. எழுத்தாக மாற்றியதும் கோபம், பாசம், சொன்ன ஆள் யார் என்பதெல்லாம் உதிர்ந்துபோய் வடிவம் மட்டும் நிற்கிறது.

இனி ஒரு கேள்வி. அந்த வரி எப்போது பொய்யாகும்? நான்கு வகையான நாட்கள்தான் இருக்க முடியும். மழை பெய்தது, வெட்டு இல்லை: வரி மெய். மழை பெய்தது, ஆனாலும் வெட்டு நடந்தது: வரி பொய். மழை இல்லை, வெட்டு உண்டு: மெய். மழையும் இல்லை, வெட்டும் இல்லை?

இங்கேதான் வகுப்பில் சண்டை வந்தது. பாதிப் பேர் பொய் என்றார்கள். "மழையே இல்லையே அண்ணே, அப்புறம் ஏன் வெட்டு இல்ல?" நான் சொன்னேன், அன்றைக்குத் தீபாவளி என்று வைத்துக்கொள். தீபாவளியன்று வெட்டு இல்லாததால் "மழை பெய்தால் வெட்டு இல்லை" என்று சொன்ன பாட்டி பொய் சொன்னவர் ஆகிவிடுவாரா? மழை பெய்யாத நாளைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லையே. ஆகவே அந்த நாளிலும் வரி மெய்தான். அம்புக்குறி பொய்யாவது ஒரே ஓர் இடத்தில்தான்: முன்னது மெய்யாகிப் பின்னது பொய்யாகும்போது. இதை ஒரு தடவை சரியாகப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் அதிலிருந்தே வரும். புரியவில்லை என்றால் இந்தப் பத்தியைத் திரும்பப் படியுங்கள், அவசரம் இல்லை.

ஓர் அம்புக்குறிக்கு மூன்று சொந்தக்காரர்கள் உண்டு. பார்க்க மூன்றும் ஒரே முகம், ஆனால் ஒருவர்தான் நல்லவர்.

முதலாவது, பள்ளியில் 'ஆகாஸ்' என்று படித்தீர்களே, தமிழில் மறுதலை. அம்பைத் திருப்பிப் போடுவது: வெட்டு இல்லை என்றால் மழை பெய்திருக்கிறது. இது பாட்டியின் வரியிலிருந்து வராது, தீபாவளியே சாட்சி. இரண்டாவது 'சொங்சாஙான்', எதிர்மறை. இரண்டு பக்கமும் 'இல்லை' போடுவது: மழை பெய்யாவிட்டால் வெட்டு உண்டு. இதுவும் வராது. மூன்றாவது 'கொந்திராபொசித்திஃப்', நேர்மாறு. திருப்பியும் போட்டு, இரண்டு பக்கமும் மறுப்பது: வெட்டு நடக்கிறது என்றால் மழை பெய்யவில்லை. இது கட்டாயம் வரும். பாட்டியின் வரி மெய்யானால் இதுவும் மெய், அது பொய்யானால் இதுவும் பொய்.

இந்த முதல் இரண்டு பேரும் நம் ஊரில் சுதந்திரமாக நடமாடுகிறார்கள். "டாக்டரான பிள்ளைங்க எல்லாம் டியூஷன் போனாங்க, நீயும் போ, டாக்டராயிடலாம்" என்று அம்மா சொல்வது ஆகாஸ். டியூஷனுக்குப் போங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அந்த வாதம் நிற்காது. அதே ஆகாஸ் வேறு முகத்தோடு வரும்போது சிரிக்க முடியாது. பத்திரிகையில் குண்டர் கும்பல் கைது என்று செய்தி வருகிறது, பிடிபட்டவர்களில் நம் பையன்கள் சிலர். அடுத்த வாரம் நம் பையன் ஒருவன் வாடகைக்கு அறை கேட்டுப் போகிறான், வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு ஆள் வந்துவிட்டது என்கிறார். 'பிடிபட்டவர்களில் சிலர் இப்படிப்பட்ட முகம்' என்பதை 'இப்படிப்பட்ட முகம் என்றால் அந்தக் கும்பல்' என்று திருப்பிப் போட்டுவிட்டார். அவர் மேல் கோபம் வருவது நியாயம். ஆனால் நாமும் அடுத்த இனத்தாரைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து பேசும்போது இதே திருப்பல்தான் செய்கிறோம். என் வீட்டிலும் நடக்கிறது, எழுதுவதால் நான் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது நான் ஏன் திரும்பப் படித்தேன் என்ற கதைக்கு வருகிறேன்.

என் பெரியப்பா இருபது வருடங்களுக்கு மேல் ஒரே தோட்டத்து லயத்தில் இருந்தவர். பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை போட்ட பிறகு ஆள் தேவை குறைந்தது. பல பேர் டவுனில் வேலை பார்த்துக்கொண்டு லயத்திலேயே குடியிருந்தார்கள். பெரியப்பாவும் இடுப்புவலி வந்து தோட்ட வேலையை விட்டு, ஒரு மரக்கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். 1996-இல் அந்த நிலம் கைமாறியது. லயத்தில் இருப்பவர்கள் காலி செய்ய வேண்டும், தகுதி உள்ளவர்கள் வீட்டு மனைக்கு விண்ணப்பிக்கலாம் என்று மலாயில் ஒரு தாள் ஒட்டினார்கள். எனக்கு அப்போது பத்து வயது.

பெரியப்பாவுக்கு மலாய் பேச வரும், படிப்பது சிரமம். தோட்டத்தில் விவரம் தெரிந்தவர் என்று பேர் எடுத்த ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டார். அவர் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேலை செய்றவங்களுக்குத்தான் மனை. நீங்கதான் வேலைய விட்டுட்டீங்களே, உங்களுக்கு இல்ல லா." பெரியப்பா விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்ப நாள் முடிந்தது. சாமான்களை லாரியில் ஏற்றி ஈப்போவுக்கு வந்து வாடகை வீட்டில் இருந்தார்கள். வீடு மாறி வீடு மாறி, கடைசிவரை சொந்த வீடு இல்லாமலே பெரியப்பா காலமானார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பெரியம்மாவின் பிஸ்கட் டின்னில் பழைய தாள்களைப் பிரித்து அடுக்கிக் கொடுத்தேன். ஐசி நகல், பிள்ளைகளின் சூராட் பெரானாக், அதற்கடியில் அந்த அறிவிப்பின் நகல். இருபது வருடம் கழித்து முதல்முறையாக நான் அதைப் படித்தேன். தகுதி என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரி. தோட்டத்தில் வேலையில் இருப்பவர். அடுத்த வரி, பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் தோட்டத்தில் குடியிருப்பவர். இரண்டு வரிக்கும் நடுவில், தனியாக, ஒரு சிறிய சொல்: அத்தாவ்.

அத்தாவ் என்றால் அல்லது.

குறியில் எழுதிப் பாருங்கள். 'வே' வேலையில் இருப்பவர், 'கு' பத்தாண்டு குடியிருப்பவர், 'வி' விண்ணப்பிக்கலாம்.

(வே ∨ கு) → வி

விவரம் தெரிந்தவர் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டார். வே → வி. இது பொய் இல்லை, தாளில் இருப்பதுதான். பிறகு அதிலிருந்து ¬வே → ¬வி என்று போனார். அதுதான் சொங்சாஙான். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க்குக்கு வருகிற அதே சொங்சாஙான்.

அந்த மனிதர் மேல் எனக்குப் பகை இல்லை. கெட்ட எண்ணத்தில் சொன்னவர் அல்ல, வேறு பலருக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்தவர். ஆனால் அவர் சொன்ன வாக்கியத்தில் ஒரு 'தான்' இருந்தது, கவனித்தீர்களா? "வேலை செய்பவர்களுக்கு மனை" என்பது ஒன்று, "வேலை செய்பவர்களுக்குத்தான் மனை" என்பது வேறு. முதலாவது வே → வி. 'தான்' சேர்ந்ததும் அம்பு திரும்பிவிடுகிறது: வி → வே, மனைக்கு விண்ணப்பிக்கிறவர் யாராயினும் வேலையில் இருப்பவராக இருக்க வேண்டும். தாளில் 'தான்' இல்லை. அவர் வாயில் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழில் பேசும்போது இந்த இரண்டெழுத்தை நாம் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் போடுகிறோம். ஃபாரம் படிக்கும்போது மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

சரி, பெரியப்பாவுக்கு இல்லை என்று நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் என்ன காட்டியிருக்க வேண்டும்? (வே ∨ கு) என்ற முழு அடைப்புக்குறியையும் மறுக்க வேண்டும். ¬(வே ∨ கு). அதை உடைத்தால் ¬வே ∧ ¬கு. வேலையிலும் இல்லை, பத்தாண்டு குடியிருக்கவும் இல்லை. இரண்டையும் காட்ட வேண்டும். 'அல்லது' மறுக்கப்படும்போது 'உம்' ஆகிவிடுகிறது. கடையில் போய் "டீயோ காப்பியோ இருக்கா?" என்று கேட்டு, இல்லை என்று பதில் வந்தால் டீயும் இல்லை காப்பியும் இல்லை என்றுதானே அர்த்தம். மறுபக்கமும் உண்டு: ¬(அ ∧ ஆ) என்பது ¬அ ∨ ¬ஆ. ஐசியும் சூராட் பெரானாக்கும் கொண்டு வரச் சொன்ன இடத்தில், ஒன்று குறைந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்த இரண்டு விதிக்கும் தெ மோர்கன் விதிகள் என்று பெயர். பெயரைப் பார்த்ததும் எங்கோ வெள்ளைக்கார ஊர் என்று நினைப்போம். அகஸ்டஸ் தெ மோர்கன் பிறந்தது மதுரையில். 1806-ஆம் ஆண்டு ஜூன் மாதம். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. பிறந்த கொஞ்ச நாளிலேயே குழந்தைக்கு ஒரு கண் பார்வை போனது, ஏழு மாதத்தில் குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. ஆகவே அவர் மதுரையில் எதையும் கற்றுக்கொண்டார் என்று நாம் பெருமை பேச இடமில்லை. ஆனாலும் என் கொள்ளுத்தாத்தா மதுரைச் சீமையிலிருந்து வந்தவர் என்பதால், அந்தப் பேரனுக்கு உதவியிருக்க வேண்டிய விதி மதுரையில் பிறந்த ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்பதைப் படித்தபோது எனக்கு என்னமோ போல் இருந்தது.

மனிதர் சுவாரசியமானவர். 1828-இல், இருபத்திரண்டு வயதுகூட முடியாத நிலையில், புதிதாகத் திறந்த லண்டன் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். கேம்பிரிட்ஜில் மேற்பட்டம் வாங்க மத உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, போட மாட்டேன் என்று பட்டத்தையே விட்டுவிட்டார். 1866-இல், தகுதியுள்ள ஒருவருக்கு அவருடைய மதப்பிரிவைக் காரணம் காட்டிப் பதவி மறுக்கப்பட்டதாகக் கருதி, தன் பேராசிரியர் வேலையையே ராஜினாமா செய்தார். வயது கேட்டால் புதிர் போடுவார்: "ஒரு எண்ணின் வர்க்கம் எந்த வருடமோ, அந்த வருடத்தில் எனக்கு அந்த எண்தான் வயது." 43 பெருக்கல் 43 என்ன என்று போட்டுப் பாருங்கள்: 1849. கணக்குச் சரியாக வருகிறது.

அவருடைய தருக்க நூல் வெளிவந்தது 1847-இல். அதே ஆண்டில் ஜார்ஜ் பூல் என்பவரும் தருக்கத்தைக் கணக்காக மாற்றும் ஒரு சிறு நூலை வெளியிட்டார், 1854-இல் அதைப் பெரிதாக எழுதினார். மெய்க்கு 1, பொய்க்கு 0 என்று வைத்தால் 'உம்' பெருக்கல் போல நடக்கும் என்பது பூல் காட்டிய வழி. குறியீட்டுத் தருக்கம் அங்கே முளைவிட்டது.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணா, இது சமய வகுப்பு. தேவாரம் சொல்லிக் கொடுக்கிற இடத்துல இது எதுக்கு?"

நல்ல கேள்வி, நான் கோபப்படவில்லை. சித்தாந்த வகுப்புக்குப் போனவர்கள் சிவஞான போதத்தைத் திறந்து பாருங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்தது, 12 சூத்திரம். ஒவ்வொரு சூத்திரத்தையும் பிரித்து மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று அடுக்கியிருக்கிறார். மேற்கோள் என்றால் நான் நிறுவப்போவது. ஏது என்றால் அதற்குக் காரணம். எடுத்துக்காட்டு என்றால் நீயும் நானும் ஒப்புக்கொள்ளும் உதாரணம். இறைவன் உண்டு என்பதைக்கூட 'நான் சொல்கிறேன், நம்பு' என்று அவர் ஆரம்பிக்கவில்லை. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதைக் காட்டி, அதை ஏதுவாக வைத்துப் போகிறார். அவருடைய மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் அளவை பற்றிப் பேசிவிட்டுத்தான் பொருளுக்கு வருகிறார்: காட்சி, கருதல், உரை. கண்ணால் கண்டது, ஊகித்து அறிந்தது, சான்றோர் வாக்கு. எதை வைத்து நீ அறிகிறாய் என்பதைச் சொல்லாமல் என்ன அறிந்தாய் என்று பேசக்கூடாது என்பது அந்த ஒழுங்கு.

இதற்கும் முன்னால் நியாய மரபில் ஐந்து உறுப்பு வைத்தார்கள். மலையில் நெருப்பு உண்டு. ஏனென்றால் புகை இருக்கிறது. எங்கே புகையோ அங்கே நெருப்பு, அடுப்பங்கரையைப் போல. இந்த மலையிலும் அப்படிப் புகை இருக்கிறது. ஆகவே மலையில் நெருப்பு உண்டு. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குப் பௌத்த தருக்கத்தைப் பாடமாகவே எடுக்கிறார். அதில் நான் மிகவும் ரசிப்பது, சரியான வாதத்தை விட போலி வாதங்களுக்கு அதிக இடம் ஒதுக்கியிருப்பது. ஏதுப்போலி என்றால் ஏது மாதிரி இருக்கும், ஏது இல்லை. பெரியப்பாவுக்குக் கிடைத்ததும் ஒரு போலிதான்.

ஆனால் ஒன்று. இதைப் படித்துவிட்டு "எல்லாம் நம்மகிட்ட அப்பவே இருந்துச்சு" என்று வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். நம் முன்னோர் செய்த தருக்கமும் பூல் செய்ததும் ஒன்றல்ல. நியாய மரபில் அடுப்பங்கரை என்ற எடுத்துக்காட்டு இல்லாமல் வாதம் நிற்காது, அது உலகைப் பார்த்து அறிகிற வழி. குறியீட்டுத் தருக்கத்துக்கு அடுப்பங்கரை வேண்டாம். வடிவம் சரியா என்று மட்டும் பார்க்கும், முதலில் வைத்த கூற்று உண்மையா என்று அது கேட்பதே இல்லை. பள்ளியில் ஒரு வாதம் செல்லுபடியாவது வேறு, அது ஏற்கத்தக்கதாவது வேறு என்று பிரித்துப் படித்தீர்களே, அதுதான். "ஈப்போவில் உள்ளவர் எல்லாரும் பறப்பார்கள், நான் ஈப்போவில் இருக்கிறேன், ஆகவே நான் பறப்பேன்" என்பது வடிவத்தில் சுத்தமான வாதம். இரண்டு மரபும் தெரிந்தவனுக்கு இரண்டு கேள்வி கேட்கத் தெரியும்: வடிவம் சரியா? ஏது உண்மையா?

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு, உங்கள் கையில் இருக்கும் போனே பதில். 1937-இல் கிளாட் ஷானன் என்ற இருபத்தொரு வயது அமெரிக்க மாணவர் தன் முதுகலை ஆய்வில் ஒன்றைக் காட்டினார். சுவிட்சுகளை வரிசையாக இணைத்தால் அது 'உம்', பக்கவாட்டில் இணைத்தால் அது 'அல்லது'. வரிசையில் எல்லா சுவிட்சும் போட்டால்தான் விளக்கு எரியும், பக்கவாட்டில் ஒன்று போட்டாலே எரியும். ஆகவே பூல் எழுதிய கணக்கை மின்சாரக் கம்பியில் செய்யலாம். கணினிக்குள் நடப்பதெல்லாம் இந்த அடிப்படைதான், எண்ணிக்கைதான் கோடிக்கணக்கில். உங்களில் யாராவது ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் மின்னியல் எடுத்தால் தருக்கக் கதவுகள் என்று இதையே படிப்பீர்கள். அங்கே ஏற்கனவே படிக்கும் நம் வகுப்புத் தம்பி ஒருவன் சொன்னது: இரும்புத் தகட்டை அழுத்தும் சில இயந்திரங்களில் இரண்டு பொத்தான் இருக்கும், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும். ஒரு கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ∧. 'உம்' என்ற ஓர் எழுத்துக்குறி ஒருத்தன் விரலைக் காப்பாற்றுகிறது.

நம் வீட்டு மாடிப்படி விளக்கு இன்னொரு வகை. கீழே ஒரு சுவிட்சு, மேலே ஒரு சுவிட்சு, எதைத் தட்டினாலும் நிலைமை மாறும். இரண்டில் ஒன்று மட்டும் மேலே இருந்தால் எரியும், இரண்டும் மேலே இருந்தால் அணையும் என்று வையுங்கள். இது நாம் பார்த்த ∨ இல்லை, 'ஒன்று மட்டும்' என்கிற அல்லது. அதை ∧, ∨, ¬ மூன்றை மட்டும் வைத்து எழுத முடியும். முயற்சி செய்யுங்கள்.

கூற்றுக்கு அப்பால் போனால் 'எல்லாம்', 'சில' என்ற சொற்கள் வரும். 1879-இல் ஜெர்மனியின் ஃபிரேகே இவற்றுக்குக் குறி கொடுத்த பிறகுதான் தருக்கம் பெரிய மரமானது. தமிழில் இதற்கு 'உம்'மே போதும், இலக்கணத்தில் முற்றும்மை என்பார்கள்: எல்லாரும், எங்கும், எதுவும். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு. போன வருடம் நம் செயற்குழுக் கூட்டக் குறிப்பில் "எல்லாரும் வரவில்லை" என்று எழுதியிருந்தது. ஒருவர்கூட வரவில்லையா, வந்தார்கள் ஆனால் முழுப் பேரும் இல்லையா? முதல் பொருளில் பார்த்தால் கூட்டமே நடக்கவில்லை, தீர்மானம் செல்லாது. ஒரு மணிநேரம் சண்டை. 'எல்லாரும்' மேல் 'இல்லை' விழுகிறதா, ஒவ்வொருவர் மேலும் தனித்தனியாக 'இல்லை' விழுகிறதா என்பதுதான் பிரச்சினை. குறியில் எழுதினால் ¬ எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். செயலாளர் தம்பி இப்போது "ஏழு பேர் வந்தனர், ஐவர் வரவில்லை" என்று எழுதுகிறான்.

பயிற்சிக்கு இரண்டு தருகிறேன்.

ஒன்று. 1966-இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் அட்டைகளை வைத்துச் செய்த சோதனையை நம் ஊருக்கு மாற்றியது. தைப்பூசத்தன்று குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலில் நீங்கள் தொண்டர். விதி: பால்குடம் எடுத்தால் விரதம் இருந்திருக்க வேண்டும். உங்கள் முன் நான்கு பேர். முதலாமவர் பால்குடத்தோடு நிற்கிறார், விரதமா தெரியாது. இரண்டாமவர் பால்குடம் எடுக்காதவர். மூன்றாமவர் விரதம் இருந்தவர், பால்குடம் எடுப்பாரா தெரியாது. நான்காமவர் காலையில்தான் கோழிப் பொரியலோடு நாசி லெமாக் சாப்பிட்டார், கையில் என்ன இருக்கிறது என்று கூட்டத்தில் தெரியவில்லை. விதி மீறப்பட்டதா என்று பார்க்க யார் யாரை விசாரிக்க வேண்டும்? எழுத்தும் எண்ணும் போட்ட அட்டையாகக் கொடுத்தபோது பெரும்பாலோர் தவறவிட்டது நான்காமவரைத்தான். அம்பு எந்த ஒரே இடத்தில் பொய்யாகும் என்று மேலே பார்த்தோமே, அதை நினைத்துக்கொண்டு விடை சொல்லுங்கள்.

இரண்டு. ஒரு மண்டப அறிவிப்பு: "சங்க உறுப்பினர் அல்லது ஆலய உறுப்பினர் மேலும் சந்தா பாக்கி இல்லாதவர் கட்டணக் கழிவு பெறலாம்." சந்தா பாக்கி வைத்திருக்கும் ஒரு சங்க உறுப்பினர் வந்து கழிவு கேட்கிறார். அடைப்புக்குறியை (ச ∨ ஆ) ∧ ப என்று போட்டால் ஒரு பதில், ச ∨ (ஆ ∧ ப) என்று போட்டால் வேறு பதில். இரண்டையும் எழுதி, அந்த அறிவிப்பைச் சண்டை வராதபடி தமிழில் திருத்தி எழுதி வாருங்கள். கூடவே வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு ஃபாரத்தையும் எடுத்து வாருங்கள், 'டான்' எங்கே, 'அத்தாவ்' எங்கே என்று வட்டம் போட்டு. அடுத்த ஞாயிறு காலை பத்து மணி, தேவாரம் முடிந்ததும்.